கோடை விசேஷத்துக்குப் பழச்சுவை லெமன் ஜூஸ்: 50 டம்ளருக்கான முழுக் கணக்கு

வீட்டில் நாலு பேருக்கு எலுமிச்சை பிழிந்து கொடுக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று முப்பது பேர் ஒன்றாக வந்து நிற்கும்போதுதான் கை தடுமாறும். நாலு பேர் கணக்கை அப்படியே பெருக்கி, காலை ஏழு மணிக்கே அண்டாவில் எல்லாவற்றையும் கலக்கி மூடி வைப்பார்கள். பதினோரு மணிக்குத் திறந்தால் சாறு கசந்திருக்கும், ஐஸ் உருகி நீர்த்திருக்கும், பழச்சக்கை அடியில் தங்கி மேலே வெறும் தண்ணீர் நிற்கும்.

எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, பழச்சாறு, தண்ணீர் ஆகிய நான்கையும் தனித்தனியாகத் தயார் செய்து குளிர வையுங்கள். பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்புதான் அவை ஒன்றாகச் சேர வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

1. முதலில் டம்ளர் எண்ணிக்கை

முப்பது விருந்தினர் என்றால் 50 டம்ளர் போடுங்கள். வெயிலில் வந்தவர்கள் இரண்டாவது டம்ளர் கேட்பார்கள், வயதானவர்கள் பாதியோடு வைத்துவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து ஆளுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல் வரும். டம்ளருக்கு ஐஸோடு சேர்த்து 200 மில்லி என்று வைத்தால் மொத்தம் 10 லிட்டர்.

இந்த 10 லிட்டரையும் நீங்கள் கலக்கப் போவதில்லை என்பதுதான் முக்கியம். உருகும் ஐஸும் தண்ணீர்தான். அதற்கு இடம் விட்டு, கலவையைச் சற்றுக் கெட்டியாக 8.35 லிட்டர் மட்டும் செய்ய வேண்டும். 50 டம்ளருக்கான அளவு:

- எலுமிச்சைச் சாறு: 750 மில்லி
- சர்க்கரைப் பாகு: 1.6 லிட்டர் (ஒரு கிலோ சர்க்கரை)
- பழச்சாறு அல்லது கூழ்: 2 லிட்டர்
- குளிர்ந்த தண்ணீர்: 4 லிட்டர்
- தூள் உப்பு: 2 டீஸ்பூன்
- ஐஸ்: 5 கிலோ

டம்ளருக்குச் சுமார் 165 மில்லி ஊற்றி 50 கிராம் ஐஸ் போட்டால் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். ஐஸில் பாதி டம்ளருக்குள் போகும். மறுபாதி பாத்திரங்களைச் சுற்றி அடுக்கவும், உருகிப் போவதற்கும்.

2. எந்தப் பழம் பொருந்தும், எது பொருந்தாது

எலுமிச்சையோடு சேர்ந்தும் தன் மணத்தை விடாமல் நிற்கும் பழங்கள் சில உண்டு: பன்னீர் திராட்சை, அன்னாசி, மாங்காய், நன்றாகப் பழுத்த மாம்பழம், தர்பூசணி, மாதுளை. இந்த ஆறில் ஏதாவது ஒன்றோ இரண்டோ போதும். மூன்று நான்கு வகை செய்ய ஆசைப்பட்டால் பாத்திரம், வடிகட்டி, ஆள் எல்லாம் மூன்று மடங்காகும். முதல் தடவை செய்கிறவர்கள் ஒரே வகையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வாழைப்பழம் வேண்டாம். கருத்து, வழவழப்பாகிவிடும். பப்பாளியின் வாடை எலுமிச்சையோடு ஒட்டாது. முலாம்பழம் தனியாக ஜூஸ் போட அருமை, எலுமிச்சைப் புளிப்பில் அதன் மணம் காணாமல் போகும். நுங்கு கிடைத்தால் அரைக்காதீர்கள். தோலுரித்துச் சிறு துண்டுகளாக நறுக்கி, பரிமாறும்போது டம்ளரில் போடுங்கள். அதற்கு ஈடு கிடையாது.

முதன்முதலாகச் செய்பவர்களுக்கு என் சிபாரிசு பன்னீர் திராட்சை. முந்தைய நாளே தயாரித்து வைக்கலாம், அதிகம் பிரியாது, நிறம் கண்ணைப் பறிக்கும், விலையும் கட்டுபடியாகும். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய வருடம் முழுவதும் அறுவடை நடப்பதால் கோடையிலும் தட்டுப்பாடு பெரிதாக இருக்காது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

3. எலுமிச்சை வாங்குவது

கணக்கு எளிது: ஒரு டம்ளருக்கு ஒரு பழம். 40 கிராம் எடையுள்ள நடுத்தரப் பழம் ஏறக்குறைய 15 மில்லி சாறு தரும். அழுகல், காய்ந்தது, சிறுத்தது என்று கழியும் என்பதால் 50க்கு 60 பழமாக வாங்குங்கள்.

பெரிதாக இருக்கிறது என்று கரடுமுரடான தடித்த தோல் பழத்தை எடுக்க வேண்டாம். தோல்தான் இருக்கும், சாறு இருக்காது. தோல் மெலிந்து, வழவழப்பாக, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கிற பழம்தான் வேண்டும். முழுப் பச்சையில் சாறு குறைவு, கசப்பு அதிகம். மஞ்சளில் லேசாகப் பச்சை ஓடிய பழம் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் எலுமிச்சை விலை தாறுமாறாக ஏறும். தேதி முன்கூட்டியே தெரிந்தால், விலை இறங்கியிருக்கும்போது வாங்கிப் பிழிந்து, விதையும் சக்கையும் இல்லாமல் வடிகட்டி, ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வைக்கலாம். உறைந்ததும் கட்டிகளை மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றி ஒரு மாதத்துக்குள் பயன்படுத்துங்கள். புதுச் சாற்றின் மணம் இதில் முழுதாக இருக்காது. அதனால் பாதிச் சாறு உறைந்தது, பாதி அன்றைக்குப் பிழிந்தது என்று கலந்துகொள்வது நல்லது.

4. தண்ணீரும் ஐஸும்: இங்கே சிக்கனம் வேண்டாம்

விருந்துக்கு மறுநாள் நாலு பேருக்கு வயிறு கெட்டால் பழி பழத்தின் மேல் விழும். பெரும்பாலும் காரணம் தண்ணீரோ ஐஸோதான். புளிப்பு கிருமியைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கையில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்ற வேண்டாம். இவ்வளவு நீர்த்த சாற்றில் இருக்கும் புளிப்புக்கு அந்த வலு கிடையாது.

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் அல்லது சீல் உடையாத 20 லிட்டர் கேன். கேனில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், நிரப்பிய தேதியும் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

ஐஸில்தான் ஏமாறுவது அதிகம். மீன் அடுக்கவும் பெட்டி குளிர வைக்கவும் விற்கிற பெரிய பாளம் சாப்பிடுவதற்கானது அல்ல. அதைத் தனியாக அடையாளம் காணச் சாப்பிடத் தகாத ஐஸில் லேசான நீலச் சாயம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் உத்தரவிட்டது. நீலம் தெரியவில்லை என்பதற்காக மட்டும் நல்ல ஐஸ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 14 இலக்க எண் அச்சிட்ட, சீல் வைத்த பாக்கெட்டில் வரும் ஐஸ் கட்டிகளையே கேளுங்கள். பாளத்தை வாங்கினால் பாத்திரத்துக்கு வெளியே அடுக்க மட்டும்தான்.

வீட்டிலேயே உறைய வைக்க முடிவெடுத்தால் மூன்று நாள் முன்பே தொடங்குங்கள். ஒரு லிட்டர் டப்பா வீட்டு ஃப்ரீசரில் முழுதாக உறைய ஓர் இரவு பிடிக்கும். டப்பாவை விளிம்பு வரை நிரப்பினால் உறையும்போது விரிந்து மூடியைத் தள்ளும், இரண்டு விரல் இடம் விடுங்கள்.

காகிதம், அனுமதி விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு விசேஷத்துக்குக் கொடுப்பதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. ஊர்த் திருவிழாவிலோ பள்ளி விழாவிலோ கடை போட்டு விற்பதாக இருந்தால், சிறு வியாபாரிகளுக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். புகைப்படமும் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கையில் இருக்கட்டும். விழாவுக்கு முந்தைய வாரம் ஓடாமல் ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். மண்டபத்தில் நடந்தால் வெளியிலிருந்து பானம் கொண்டுவர அனுமதி உண்டா, ஃப்ரிட்ஜ் தருவார்களா என்று முன்பணம் கட்டும்போதே கேட்டு ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் போனால் அன்றைக்கு சமையல்காரர் பாலும் தயிரும் அடுக்கிவைத்த ஃப்ரிட்ஜில் உங்களுக்கு இடம் இருக்காது.

5. செலவு

விலை ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும். கோடையில் தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: எலுமிச்சை 60 பழம், ஒன்று 6 ரூபாய் வீதம் 360. சர்க்கரை ஒரு கிலோ 50. பன்னீர் திராட்சை இரண்டு கிலோ 200. ஐஸ் 5 கிலோ 150. தண்ணீர் கேன் 40. சப்ஜா, புதினா, இஞ்சி 50. ஆக மொத்தம் 850 ரூபாய், டம்ளருக்கு 17 ரூபாய். பெரிய செலவு எலுமிச்சைதான். அது 10 ரூபாய்க்கு ஏறினால் மொத்தமும் 1,100ஐத் தொடும்.

அப்படி ஏறும் வாரத்தில் மாங்காய் வகைக்கு மாறுங்கள். அதற்கு எலுமிச்சை பாதி போதும்.

டம்ளர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப், பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் ஆகியவற்றுக்குத் தடை. எவர்சில்வர் டம்ளரை வாடகைக்கு எடுப்பதே நல்லது. சாறும் அதில்தான் நன்றாகக் குளிர்ந்து நிற்கும்.

6. சர்க்கரைப் பாகு: இரண்டு நாள் முன்பு

சர்க்கரையைக் குளிர்ந்த சாற்றில் நேரடியாகக் கொட்டினால் பாதி அடியில் தங்கும். முதல் பத்து டம்ளர் புளிக்கும், கடைசிப் பத்து திகட்டும். பாகாகச் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு கிலோ சர்க்கரைக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அடுப்பில் வைத்துக் கலக்கி, சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். கம்பிப் பதம் எல்லாம் வேண்டாம். கொதிக்க விட்டால் தண்ணீர் வற்றி அளவு குறையும், பிறகு உங்கள் கணக்கு பிசகும். மேலே வரும் அழுக்கு நுரையைக் கரண்டியால் எடுத்து, துணியில் வடிகட்டுங்கள். ஒரு கிலோ சர்க்கரை கரைந்தால் 600 மில்லிக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். அதனால் உங்களுக்கு 1.6 லிட்டர் பாகு கிடைக்க வேண்டும். குறைந்திருந்தால் கொதித்த தண்ணீரால் அந்த அளவுக்கு நிரப்புங்கள். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும்.

இஞ்சி, புதினா மணம் வேண்டுமென்றால் பாகிலேயே ஏற்றுவது சுலபம். புதினா ஒரு சிறு கட்டு, இலையைக் கையால் கசக்கி வெதுவெதுப்பான பாகில் 20 நிமிடம் போட்டு எடுத்துவிடுங்கள். மிக்ஸியில் அரைத்தால் கொஞ்ச நேரத்தில் கருத்துப்போகும், பச்சை வாடை வரும். இஞ்சி 50 கிராம் தட்டிப் பிழிந்து, அந்தச் சாற்றைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு போலப் படியும். அதை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள்.

நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு போடலாமா என்று பலர் கேட்பார்கள். திராட்சை, அன்னாசி, மாங்காயோடு நன்றாக இருக்கும். தர்பூசணியில் போட்டால் சிவப்பு மங்கிச் செம்மண் தண்ணீர் போலத் தெரியும், யாரும் கையில் வாங்க மாட்டார்கள். நாட்டுச் சர்க்கரையில் மண்ணும் தும்பும் இருக்கும் என்பதால் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும்.

7. பழச்சாறு எடுப்பது: பழத்துக்குப் பழம் முறை வேறு

எல்லாப் பழத்தையும் மிக்ஸியில் போட்டு ஓட்டுவதுதான் மிகப் பெரிய தவறு. விதை உடைந்தால் கசப்பும் துவர்ப்பும் இறங்கும், பிறகு எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அது போகாது.

பன்னீர் திராட்சை: இரண்டு கிலோ. காம்பு நீக்கி, கல் உப்பு கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊற வைத்து, மூன்று தண்ணீர் அலசுங்கள். அரை லிட்டர் தண்ணீர் விட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி, தோல் வெடிக்கும் வரை ஏழெட்டு நிமிடம் மிதமான தீயில் வேக விடுங்கள். மத்தால் மெதுவாக மசித்து, ஆறிய பின் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். சுமார் இரண்டு லிட்டர் கிடைக்கும். வடித்தபோது கருநீலமாகத் தெரிவது எலுமிச்சை பட்டதும் பளிச்சென்ற சிவப்பாகும். தோலில் இருக்கும் நிறம் புளிப்பில் அப்படி மாறும் இயல்புடையது, சாயம் எதுவும் வேண்டாம். திராட்சையிலேயே இனிப்பு இருப்பதால் பாகை 1.3 லிட்டராகக் குறையுங்கள். வேக வைத்ததால் இந்தச் சாறு முந்தைய நாளே செய்து ஃப்ரிட்ஜில் வைக்க ஏற்றது.

அன்னாசி: தோலும் கொண்டையுமாக நாலு கிலோ எடுத்தால் இரண்டு லிட்டர் சாறு வரும். தோலைச் சீவிய பின் இருக்கும் கருப்புக் கண்களையும் நறுக்கி எடுங்கள், அவை தொண்டையில் அரிக்கும். துண்டுகளை அரை லிட்டர் பாகில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறிய பின் அரைத்து வடிகட்டுங்கள். பச்சையாக அரைத்தால் நுரை பொங்கி அளவே தெரியாது, நாக்கும் சுணைக்கும். அந்தச் சுணைப்புக்குக் காரணமான புரதச் செரிமானப் பொருள் கொதிக்கும்போது செயலிழக்கும். சேர்த்த அரை லிட்டரை மொத்தப் பாகில் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள். அன்னாசியே புளிக்கும், எலுமிச்சைச் சாறு 600 மில்லி போதும்.

தர்பூசணி: இதற்குக் கணக்கே வேறு. அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் இரண்டு லிட்டர் சேர்த்தால் சுவை தெரியவே தெரியாது. எட்டு கிலோ பழத்திலிருந்து நாலு லிட்டர் சாறு எடுத்து, தண்ணீரை இரண்டு லிட்டராகக் குறையுங்கள். பாகு 1.3 லிட்டர். விதையைக் கூடியவரை பொறுக்கிவிட்டு, மிக்ஸியில் நிறுத்தி நிறுத்தி இரண்டு சுற்று மட்டும் சுற்றி வடிகட்டுங்கள். அறுத்த தர்பூசணி சீக்கிரம் கெடும். முந்தைய நாளே செய்யக் கூடாது. பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அறுங்கள். முழுப் பழத்தை முந்தைய இரவே ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் சாறும் குளிர்ந்தே வரும்.

மாங்காய்: ஒரு கிலோ புளிப்பு மாங்காயைத் தோலோடு குக்கரில் இரண்டு விசில் விட்டு, ஆறியதும் சதையைப் பிசைந்தெடுத்து வடிகட்டினால் 600 மில்லி கூழ் வரும். அதோடு தண்ணீரை ஐந்தரை லிட்டராகக் கூட்டி, எலுமிச்சையை 400 மில்லியாகக் குறையுங்கள். வறுத்துப் பொடித்த சீரகம் இரண்டு டீஸ்பூன் இதற்கு மட்டும்.

மாம்பழம்: நாரில்லாத பங்கனப்பள்ளி, இமாம்பசந்து இரண்டும் நல்லவை. இரண்டு கிலோவுக்கு ஒரு லிட்டர் கூழ் வரும், அதற்கு மேல் போட்டால் சாறு கஞ்சியாகிவிடும். தண்ணீர் ஐந்து லிட்டர். கூழை நேரடியாகக் கொட்டாமல் முதலில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டிச் சேருங்கள்.

மாதுளை விலை அதிகம், சாறு குறைவு. நிறத்துக்காக அரை லிட்டர் மட்டும் வேறொரு பழத்தோடு சேர்க்கலாம். முத்துக்களை இரண்டு மூன்று நொடிக்கு மேல் அரைக்க வேண்டாம்.

8. எலுமிச்சை பிழிவது: மூன்று மணி நேரத்துக்கு முன் வேண்டாம்

பிழிந்த எலுமிச்சைச் சாறு நேரம் ஆக ஆகக் கசக்கும். பிழிந்த உடனே நாக்கில் வைத்தால் தெரியாது. விதையிலிருந்தும் உள்தோலின் வெள்ளைப் பகுதியிலிருந்தும் இறங்கும் பொருள்கள் புளிப்போடு கிடந்து மெதுவாகக் கசப்பாக மாறுகின்றன. காலையில் ருசி பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று மூடிவைத்த சாறு மதியம் கசப்பது இதனால்தான்.

எனவே 11 மணி விசேஷத்துக்கு எட்டரை மணிக்குப் பிழிந்தால் போதும். இரண்டு பேர் உட்கார்ந்தால் 60 பழம் முக்கால் மணி நேரத்தில் முடியும்.

பழத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, கழுவித் துடைத்து, பலகையில் உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குளிரக் குளிரப் பிழிந்தால் கணிசமான சாறு தோலிலேயே நின்றுவிடும். நெடுக்காக வெட்டாமல் குறுக்கே வெட்டுங்கள். பிழிவானில் வெட்டிய பக்கம் துளைகளைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு தடவை அழுத்தினால் போதும். கடைசிச் சொட்டுக்காகத் தோலைத் திருப்பிப் போட்டு நசுக்கினால் தோல் எண்ணெய் இறங்கி எரிப்பும் கசப்பும் வரும். பத்துப் பழத்துக்கு ஒருமுறை வடிகட்டி, விதையைச் சாற்றில் ஊற விடாமல் எறியுங்கள்.

வெயில் விழும் முற்றத்தில் உட்கார்ந்து பிழியாதீர்கள். எலுமிச்சைச் சாறும் தோல் எண்ணெயும் பட்ட கையில் வெயில் பட்டால், ஓரிரு நாளில் தீப்புண் போலச் சிவந்து கொப்புளம் போடும். கருந்தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். நிழலில் பிழிந்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். உதவிக்குச் சிறுவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

பாத்திரம் எவர்சில்வர், கண்ணாடி, அல்லது உணவுக்கான பிளாஸ்டிக். அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை, செம்பு, இரும்பு எதிலும் ஊற்றக் கூடாது. புளிப்பு உலோகத்தை அரித்துச் சாற்றில் இறக்கும். வாடகைப் பாத்திரக் கடையில் பெரும்பாலும் அலுமினிய அண்டாதான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள், கேட்டு மாற்றி வாங்குங்கள்.

9. கலக்குவது: 25 டம்ளராக, இரண்டு தடவை

மொத்தத்தையும் ஒரே தடவை கலக்க வேண்டாம். பாதி அளவு, அதாவது எலுமிச்சைச் சாறு 375 மில்லி, பாகு 800 மில்லி, பழச்சாறு ஒரு லிட்டர், தண்ணீர் இரண்டு லிட்டர், உப்பு ஒரு டீஸ்பூன். வரிசை இப்படி: பாகில் உப்பைக் கரைத்து, பழச்சாறு, தண்ணீர் ஊற்றி, கடைசியாக எலுமிச்சை. எலுமிச்சையை மட்டும் முக்கால் பங்கு ஊற்றி நிறுத்தி, ருசி பார்த்து மீதியைச் சேருங்கள். அன்றைய பழத்தின் புளிப்பை எந்த அளவுக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லாது.

ஐஸ் போடாமல் ருசி பார்க்கும்போது இனிப்பும் புளிப்பும் சற்றுத் தூக்கலாகத் தெரிய வேண்டும். குளிர்ந்த பிறகு நாக்குக்கு இனிப்பு குறைவாகவே படும். இங்கேயே ‘அளவாக’ இருந்தால் டம்ளரில் சப்பென்று ஆகிவிடும்.

நான்கையும் முன்பே குளிர வைக்கச் சொன்னதற்குக் காரணம் ஐஸ் கணக்குதான். 32 டிகிரி சூட்டில் இருக்கும் 165 மில்லி சாற்றை 4 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 55 கிராம் ஐஸ் முழுதாக உருக வேண்டும். அதாவது நீங்கள் போட்ட 50 கிராமும் காணாமல் போய், சாறும் நீர்க்கும். அதே சாறு ஏற்கெனவே 8 டிகிரியில் இருந்தால் எட்டு கிராம் உருகினாலே போதும். ஃப்ரிட்ஜில் தண்ணீருக்கு இடம் இல்லையென்றால், நாலு லிட்டரையும் எவர்சில்வர் குடத்தில் ஊற்றி ஐஸ் பாளத்தின் நடுவே இரண்டு மணி நேரம் வைத்துவிடுங்கள்.

சப்ஜா போடுவதாக இருந்தால் 50 கிராம் விதைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், அரை மணி நேரம் ஊறட்டும். இந்தத் தண்ணீரை மொத்தக் கணக்கில் கழிக்க வேண்டும். சாற்றில் கொட்டாமல் டம்ளரில் ஒரு கரண்டி போடுங்கள், பிடிக்காதவர்களும் இருப்பார்கள். ஊறாத விதையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும். சோடா ஊற்ற விரும்பினாலும் அப்படியே: தண்ணீருக்குப் பதில் டம்ளரில் கடைசியாக. பெரிய பாத்திரத்தில் ஊற்றினால் பரிமாறுவதற்குள் அத்தனை வாயுவும் போய்விடும்.

10. பரிமாறுவதும் திருத்துவதும்

ஐஸ் டம்ளரில் மட்டும், சாறு இருக்கும் பாத்திரத்தில் வேண்டாம். குழாய் வைத்த டிரம்மில் ஊற்றினால் சக்கை குழாய்க்குக் கீழே படியும், பத்து டம்ளருக்கு ஒருமுறை நீளக் கரண்டியால் கலக்க ஒருவரை நிறுத்துங்கள். கலந்த சாற்றை வெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தர்பூசணி என்றால் இதில் இரக்கமே காட்டக் கூடாது.

பக்கத்தில் ஒரு திருத்தும் பாட்டில் வையுங்கள்: பாகு 200 மில்லி, எலுமிச்சை 100 மில்லி கலந்தது. சாறு நீர்த்துவிட்டால் இதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் இனிப்பும் புளிப்பும் சேர்ந்தே ஏறும். வெறும் சர்க்கரையைக் கொட்டித் திருத்தப் போனால் திகட்டும். லேசான கசப்புக்கு ஒரு சிட்டிகை உப்பு உதவும். நன்றாகவே கசந்துவிட்டால் அதைக் காப்பாற்ற வழியில்லை, கொட்டிவிட்டு இரண்டாவது பாதியை வேறு பழத்தில் கலக்குங்கள். இரண்டு தடவையாகப் பிரித்ததால் பாதி நஷ்டத்தோடு தப்பிப்பீர்கள்.

ஒரு டம்ளரில் பழத்தின் இனிப்பு போக 20 கிராம் சர்க்கரை இருக்கிறது, நாலைந்து டீஸ்பூன். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்காகப் பாகு சேர்க்காத உப்பு எலுமிச்சைச் சாறு ஒரு ஜாடி தனியாக, பெயர் எழுதி ஒட்டி வையுங்கள். அவர்களாகக் கேட்கத் தயங்குவார்கள். கொண்டுபோய்க் கொடுப்பவர்தான் முதலில் கேட்க வேண்டும்.

கலக்காமல் மிஞ்சிய பாகும் வேகவைத்த திராட்சைச் சாறும் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். கலந்து மிஞ்சியதை அன்றே குச்சி ஐஸ் அச்சில் ஊற்றி உறைய வைக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே நின்றதை மட்டும் கொட்டிவிடுங்கள். பிழிந்த தோல்களில் நல்லதாகப் பொறுக்கி, அன்று மாலையே நறுக்கி உப்பில் போட்டால் ஊறுகாய்க்கு ஆகும்.